செத்த மரத்தைப் பார்க்கச் சொன்னவர்

ஆனைமலையின் டாப்ஸ்லிப் காட்டில் முதன்முதலாகத் தீக்காக்கை என்ற பறவையைப் பார்த்த அன்றே எனக்குக் குவெட்சால் ஆசை பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள். குவெட்சால் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் தேசியப் பறவை. அந்த நாட்டுப் பணத்துக்கும் அதுதான் பெயர். பல வருடம் சேமித்து, சென்ற மார்ச் மாதம், அது கூடு கட்டும் பருவமாகப் பார்த்துப் போய்வந்தேன்.

பாஹா வெராபாஸ் பகுதியில் புருல்ஹாவுக்கு அருகே, 1,500 மீட்டருக்கு மேலே, மேகம் தவழும் மலைக்காடு. மரியோ தாரி என்ற உயிரியலாளர் பாடுபட்டுக் காப்பாற்றிய காடு, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் 1981இல் கொலை செய்யப்பட்டார். நுழைவாயிலில் அந்தப் பெயரைப் படித்தபோது சற்று நேரம் நின்றுவிட்டேன்.

முதல் இரண்டு நாளும் மழைதான். மழைகூட இல்லை, நாள் முழுவதும் நசநசவென்று ஒரு தூறல். அதை அவர்கள் ‘சிப்பி சிப்பி’ என்கிறார்கள். பைனாகுலரின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்ததுதான் மிச்சம். நாங்கள் நான்கு பேரும் உயர்ந்த கிளைகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் விடியலில் எங்கள் வழிகாட்டி, “மேலே பார்க்காதீர்கள், செத்த மரத்தைத் தேடுங்கள்” என்றார். குவெட்சாலின் அலகுக்கு உயிருள்ள மரத்தைத் துளைக்கும் வலு கிடையாது. உளுத்துப்போன மரத்தைக் குடைந்தோ, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தை அகலப்படுத்தியோதான் முட்டையிடும். பட்ட மரங்களை வெட்டி அகற்றினால், காடு பச்சையாக நின்றாலும் இந்தப் பறவைக்கு வீடு இல்லை. அதோடு, காட்டு அவகேடோ வகை மரங்களின் பழமும் அதற்கு வேண்டும். பழத்தை முழுதாக விழுங்கிக் கொட்டையைக் கக்கும்; காட்டில் அந்த மரங்கள் பரவ இதுவும் ஒரு வழி.

பாசி மூடிய ஒரு மொட்டை மரத்துக்கு எதிரே, வெகு தொலைவில் நிறுத்தினார். பொந்தின் வாயில் இரண்டு பெரணி இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. துளிக் காற்று இல்லை. இலைகள் மட்டும் அசைந்தன. சில நொடி கழித்துத்தான் உறைத்தது, அது வால்! உள்ளே ஆண் பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது. உடம்பை விட நீண்ட அந்தத் தோகை பொந்துக்குள் அடங்காமல் வெளியே வழிந்திருந்தது.

அது வெளியே வந்து அமர்ந்தபோது மங்கலாக, ஏறக்குறைய பழுப்பாகத் தெரிந்தது. மேகம் விலகியதும் பச்சை எரிந்தது. அந்தப் பச்சை சாயம் அல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறிப் பிறப்பது. அதனால்தான் ஒளி மாற மாற நீலமாகவும் பொன்னாகவும் மாறியது. நெஞ்சுக்குக் கீழே இரத்தச் சிவப்பு. கூட வந்த அம்மா ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்போது வேறொரு குழுவைச் சேர்ந்தவர் பறவையை ஈர்க்க, பதிவு செய்த குவெட்சால் குரலைக் கைப்பேசியில் ஓடவிட்டார். எங்கள் வழிகாட்டி அவரிடம் போய் மெல்லப் பேசி நிறுத்தச் சொன்னார். பிறகு எங்களையும் பத்தே நிமிடத்தில் அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். ஆள் நின்றால் பறவை கூட்டுக்குத் திரும்பாது, முட்டை குளிர்ந்துவிடும் என்பது அவர் கவலை. இன்னும் சற்று நிற்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அடைகாக்கும் பறவையின் எதிரே ஒலிப்பதிவை இசைப்பவரோடு நான் இனி எந்தக் காட்டுக்கும் போகமாட்டேன்.

அங்கிருந்து வடக்கே, பெத்தேன் மழைக்காட்டில் இருக்கும் திக்கால். அந்நாட்டுத் தொல்குடிகளான மாயர்களின் பழைய பெருநகரம். 1979 முதல் பண்பாடு, இயற்கை இரண்டுக்குமாக உலகப் பாரம்பரியச் சின்னம். இருட்டிலேயே நான்காம் கோயிலின் மரப்படிகளில் ஏறி உட்கார்ந்தோம். ஊளைக்குரங்குகளின் உறுமல் முதலில் வந்தது, பிறகு கிளிகள், பிறகு பேரலகுப் பறவையான டூக்கன். கீழே புல்வெளியில் கண்புள்ளி வான்கோழிகள் நடந்தன. நீலத் தலை, செம்மஞ்சள் மணிகள், வாலில் மயில்கண் போன்ற புள்ளிகள். மயிலோடு ஒப்பிட்டு வான்கோழியைக் கேலி செய்யும் வழக்கம் நமக்கு உண்டு. இதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

அங்கே மாயர்கள் புனிதமாகக் கருதும் சைபா மரம் நம் இலவ மரமேதான். அதன் அடியில் நின்று ‘இலவு காத்த கிளி’ பழமொழியை வழிகாட்டிக்கு விளக்கினேன். இந்த ஊர்க் கிளிகளுக்கும் அது பொருந்தும் என்று சிரித்தார்.

ஊர் திரும்பிய அடுத்த வாரமே டாப்ஸ்லிப் போனேன். தீக்காக்கையும் உளுத்த மரத்தில்தான் கூடு குடையும். இத்தனை வருடமாக அது என் மண்டையில் ஏறவில்லை. இற்றுப்போன ஓர் அடிமரத்துக்கு எதிரே, தள்ளி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன்.