செய்முறை வகுப்புக்கு ஊருக்கு வரச் சொல்கிறார்கள், நான் வெளிநாட்டில். யாராவது சொல்லுங்கள்

தோவாளைப்பூ

வணக்கம். தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பே தொலைநிலையில் பி.எஸ்சி. சேர்ந்திருந்தேன், உயிரியல். பாடமெல்லாம் ஆன்லைனில் படித்து, கிளம்புவதற்கு முன் தியரி எழுதிப் பாஸும் ஆகிவிட்டேன். இங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இன்று ஒரு மெயில். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பாம், நேரில் வர வேண்டுமாம், வராவிட்டால் அடுத்த பேட்ச்சாம். கைக்குழந்தை இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மையத்துக்கு போன் போட்டால் எடுப்பதே இல்லை.

வீட்டிலேயே கேமரா முன்னால் லேப் செய்து காட்டினால் ஒத்துக்கொள்வார்களா? இல்லை, இங்கேயே ஏதாவது லேபில் செய்து சான்றிதழ் அனுப்பலாமா? மைக்ராஸ்கோப் ஒன்று கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன், வாங்கவா வேண்டாமா? இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்த்தாண்டம்-ஷார்ஜா

தங்கச்சி, முதலில் அட்டெஸ்டேஷனை யோசியுங்கள். டிகிரி கைக்கு வந்தாலும் ஊரில் மாநில அளவில் சரிபார்ப்பு, டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம், கடைசியில் இங்கே வெளியுறவு அமைச்சகம், இத்தனை முத்திரையும் விழுந்தால்தான் அது டிகிரி. நான் வந்த புதிதில் இது தெரியாமல் வந்த ஒருத்தர் எங்கள் அறையில் இருந்தார். ஒரே அறையில் மூன்றடுக்குக் கட்டில், மேல் கட்டிலில் படுத்தால் ஏசிக் காற்று நேராக மூக்கில். காலையில் பாத்ரூமுக்கு வரிசை. வெள்ளிக்கிழமை பிரியாணி மட்டும்தான் ஆறுதல். நீங்கள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறீர்கள் என்றால் ஃபேமிலி விசா, கொடுத்துவைத்தவர். தொலைநிலை டிகிரிக்கு இங்கே மதிப்பு குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிராம்ப்டன் குளிர்

எந்த நாடு என்றே அவர் சொல்லவில்லை, அண்ணன் துபாய் அறைக்குப் போய்விட்டார். கனடா என்றால் வெஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம்) மதிப்பீடு வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், பயாலஜியை விட்டுவிடுங்கள். முதல் குளிர்காலத்தில் நான் கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஊரில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்தவன். கையுறை போட்ட கையோடு ஸ்கேனரை அழுத்த முடியாது, கழற்றினால் விரல் மரத்துவிடும். என் வகுப்பில் நர்சிங் போன பிள்ளைகள் எல்லாம் வீடு வாங்கிவிட்டார்கள். நர்சிங் படியுங்கள்.

குளச்சல் கரை

படிப்பை விடாதீர்கள். வீட்டிலேயே எவ்வளவோ செய்யலாம். ஃபோல்ட்ஸ்கோப் என்று காகிதத்தில் மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது. கிட்டத்தட்ட 140 மடங்கு பெரிதாகக் காட்டும். நான் அதில் வெங்காயத் தோல், குளத்துத் தண்ணீர் எல்லாம் பார்த்திருக்கிறேன். சாளை வாங்கினால் தலையை எறியாதீர்கள், செவுளைப் பிரித்துப் பாருங்கள், காதுக்கல்லை எடுத்துப் பாருங்கள், அதில் வளர்ச்சி வரி தெரியும். மைக்ராஸ்கோப்பும் வாங்குங்கள், கிருமி வளர்க்கிற அகார் பொடி வாங்கிக் கரைத்துத் தட்டில் ஊற்றுங்கள், கதவுக் கைப்பிடியைப் பஞ்சால் துடைத்துத் தடவி வையுங்கள், மூன்றாம் நாள் பாருங்கள் வேடிக்கையை.

தக்கலைக்காரி, ஜெர்மனி

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், அதுவும் கைக்குழந்தை தவழும் வீட்டில். கைப்பிடியில் சிலதாக இருந்த கிருமி தட்டில் கோடிக்கணக்கில் பெருகும். அது என்ன கிருமி என்று உங்களுக்குத் தெரியாது. லேபில் நாங்கள் தட்டை டேப் ஒட்டி மூடுவோம், வேலை முடிந்ததும் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வைத்துக் கொன்றுவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவோம். வீட்டில் அந்த வசதி யாருக்கு இருக்கிறது? வளர்த்தே ஆக வேண்டும் என்றால் ரொட்டி ஈஸ்ட் போதும். சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் குளிரில் ஒன்று, வெதுவெதுப்பில் ஒன்று வைத்து, எதில் நுரை சீக்கிரம் எழுகிறது என்று நேரம் குறியுங்கள். ஜீன் மாற்றும் கிட் என்று விற்பதைத் தொடவே வேண்டாம். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதற்குப் பதிவுபெற்ற இடம் வேண்டும், வீட்டில் செய்வது சட்டவிரோதம்.

கேமரா முன் செய்து காட்டுவது பற்றி: ஏற்கமாட்டார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 இல் கொண்டுவந்த ஆன்லைன் படிப்பு விதிகளே லேப் கட்டாயமான படிப்பை முழுக்க ஆன்லைனில் நடத்த அனுமதிக்கவில்லை. தொலைநிலையில் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மாதிரி இடங்களில் பி.எஸ்சி. நடப்பதே செய்முறையை நேரில் வைப்பதால்தான். அங்கே செய்முறைக்கு வருகை கட்டாயம்.

அந்தப் பிடிவாதத்தில் நியாயமும் இருக்கிறது. நான் இங்கே லேபில் சேர்ந்தபோது மார்க் பட்டியலை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பைபெட்டை, அதாவது திரவத்தைச் சிறு அளவில் உறிஞ்சி அளக்கும் கருவியை, கையில் கொடுத்து, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடுத்துத் தராசில் விடச் சொன்னார்கள். 0.1 கிராம் காட்ட வேண்டும், திரும்பத் திரும்ப எடுத்தாலும் அதே எடை வர வேண்டும். உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும், வெளியே விடும்போது இரண்டாவது நிறுத்தம் வரை. வீடியோவில் பார்த்தால் ஒரு நிமிட விஷயம். கட்டைவிரல் அதைக் கற்றுக்கொள்ள நாளாகும். பக்கத்தில் ஒருவர் நின்று 'வேகமாக விடாதே, உள்ளே குமிழி வருது பார்' என்று சொன்னால்தான் படியும். இது சைக்கிள் ஓட்டுகிற மாதிரி, புத்தகத்தில் வராது.

ஆர்மிடேல்

ஆஸ்திரேலியா என்றால் ஊர்ப் படிப்பையே விட்டுவிட்டு இங்கே மாறுங்கள். ஆர்மிடேலில் இருக்கும் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம் ரொம்பக் காலமாக இப்படித்தான் நடத்துகிறது. பாடம் ஆன்லைனில், அப்புறம் சில நாள் வளாகத்துக்குப் போய் லேபை மொத்தமாக முடித்துவிடுவது. அமெரிக்காவில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஆன்லைன் உயிரியல் மாணவர்களை லேபுக்கு நேரில் வரச் சொல்கிறது. ஆக லேபுக்கு நேரில் வா என்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை.

பிராம்ப்டன் குளிர்

மாறுங்கள் என்று சொல்வது சுலபம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் யார் கட்டுவது?

பேச்சிப்பாறை ராஜ்ஜியம்

எங்கள் காலத்தில் லேப் என்றால் லேப். தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி, கரப்பான்பூச்சியின் உமிழ்நீர்ச் சுரப்பியை அறுந்துபோகாமல் எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இப்போது யுஜிசி 2014 இல் சொன்னதிலிருந்து அறுப்பதே இல்லை, கம்ப்யூட்டரில் காட்டுகிறார்கள். என்ன படிப்போ.

குளச்சல் கரை

தவளைக்கு நல்லதுதானே அண்ணாச்சி.

மார்த்தாண்டம்-ஷார்ஜா

தவளை கிடக்கட்டும். இங்கே நம்ம ஊர் மட்டி வாழைப்பழம் சாப்பிட்டு எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? 2023 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டார்கள். கடையில் கிடைப்பது அதே நீளப் பழம்தான்.

பிராம்ப்டன் குளிர்

இங்கே மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) உறைந்த கட்டியாகக் கிடைக்கும். வேக வைத்தால் நார். மீன்கறியோடு சாப்பிடலாம் என்று உட்கார்ந்தால் அழுகைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் புகை அலாரத்துக்கு வேறு புகார் கொடுப்பார்.

தோவாளைப்பூ

எல்லோருக்கும் நன்றி. மன்னிக்கவும், நாட்டைச் சொல்லவே இல்லை. இங்கிலாந்து, லெஸ்டர். இவர் நர்ஸ், நான் டிபெண்டன்ட் விசாவில் இருக்கிறேன். பல்கலைக்கழகப் பெயர் வேண்டாமே, அப்புறம் ஏதாவது பிரச்சினை வந்துவிடும். பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. அம்மா தோவாளையில்தான் இருக்கிறார். எனக்கு உண்மையில் இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்குத்தான் இந்த டிகிரி.

குலசேகரம் சிஸ்டர், பர்மிங்காம்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மக்களே. நான் இங்கே வார்டில் இருக்கிறேன், லேபுக்கு மாதிரி அனுப்புகிறவள், அதனால் கொஞ்சம் தெரியும்.

ஆஸ்பத்திரி லேபில் இரண்டு விதமான ஆட்கள். பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயரை எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் பதிவுக் குழுவில் பதிவு இல்லாமல் யாரும் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு ஐபிஎம்எஸ் என்ற அந்தத் துறைச் சங்கம் அங்கீகரித்த டிகிரியும், லேபில் பயிற்சி எடுத்து முடித்த போர்ட்ஃபோலியோவும் (பயிற்சிப் பதிவேடு) தேவை. பொதுவான உயிரியல் பி.எஸ்சி. மட்டும் வைத்து நேராக அதற்குள் போக முடியாது, கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும். மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டன்ட் வேறு. பேண்ட் 2 அல்லது 3, அதாவது அரசு ஆஸ்பத்திரிச் சம்பளப் படியில் கீழ்ப்படி வேலை. மாதிரிகளை வாங்கிப் பதிவது, சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது, ஸ்லைடு தயாரிப்பது. அதற்கு டிகிரியே கட்டாயமில்லை, பள்ளி அளவில் ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். உங்கள் பிளஸ் டூ சான்றிதழுக்கு யுகே இனிக் ஒப்பீடு (வெளிநாட்டுச் சான்றிதழ் இங்கே எதற்குச் சமம் என்று சொல்வது) வாங்கி வையுங்கள். டிபெண்டன்ட் விசாவில் வேலை செய்யலாம், தடையில்லை. உள்ளே போனவர்கள் அங்கிருந்தே படித்து மேலே ஏறுகிறார்கள்.

பக்கத்து கல்லூரியில் பல்கலைக்கழகத்தில் சேரத் தயார்செய்யும் ஆக்சஸ் டிப்ளமோ அறிவியல் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், அதில் லேப் உண்டு. கட்டணத்தைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளூர்க் கட்டணத்துக்குப் பொதுவாக 3 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், படிப்புக் கடனுக்கு நிரந்தர வசிப்பு நிலையும் பார்ப்பார்கள்.

ஊருக்குப் போனால் விசாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம் இருக்கும். நிரந்தர வசிப்புக்கு எந்த 12 மாதத்திலும் வெளியே இருந்தது 180 நாளைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். சில வாரம் போய் வந்தால் ஒன்றும் ஆகாது. கிளம்புவதற்கு முன் ஈ-விசா கணக்கில் உங்கள் பாஸ்போர்ட்டும் பாப்பா பாஸ்போர்ட்டும் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருவனந்தபுரம் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம், அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். நைட் டூட்டி மாற்றிக் கேட்க அவருக்கும் நாள் வேண்டும்.

நாகர்கோவில் லேப் அண்ணன்

நான் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். தொலைநிலைப் பிள்ளைகள் செய்முறைக்கு வரும்போது தட்டும் ஸ்லைடும் எடுத்து வைக்கிறவன், அதனால் சொல்கிறேன்.

மையத்துக்கு போன் போடாதீர்கள், அது அடித்துக்கொண்டே கிடக்கும். மெயில் போடுங்கள், நகல் மண்டல அலுவலகத்துக்கும். பதிவு எண், பாடக் குறியீடு எழுதி மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் விடுப்பு தாங்கும், அடுத்த பேட்ச் எப்போது. அடுத்த பேட்ச் பள்ளி விடுமுறைக்கு வெளியே வந்தால் டிக்கெட்டும் குறையும். பேட்ச் தள்ளிப்போவது தோல்வி இல்லை, பாதிப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அங்கே ஒரு லேபில் வாங்கிய சான்றிதழைக் கொடுத்து இதை ஈடுகட்ட முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம், தோவாளை பக்கம்தானே.

வந்து திணறுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். எல்லோரும் திணறுவது ஒரே இடத்தில். மைக்ராஸ்கோப்பில் எடுத்த எடுப்பில் 40 எக்ஸ் லென்ஸைத் திருப்பி, ஸ்லைடை இடித்து உடைப்பார்கள். குறைந்த லென்ஸில் முதலில் ஃபோகஸ் பண்ணி, பொருளை நடுவில் கொண்டுவந்து, அப்புறம்தான் மேலே போக வேண்டும். பெரிய லென்ஸில் நுண்திருகு மட்டும். அடுத்தது கவர்ஸ்லிப், ஸ்லைடு மேல் மூடும் மெல்லிய கண்ணாடி. பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி வந்துவிடும், அதையே செல் என்று நினைத்து வரைந்தவர்கள் உண்டு. ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொடவைத்துச் சாய்வாக ஊசியால் இறக்க வேண்டும். இந்த இரண்டுக்காக வேண்டுமானால் அந்த மைக்ராஸ்கோப்பை வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம், செகண்ட் ஹேண்ட் போதும். வெங்காயத் தோலும் அயோடினும் வீட்டில் போதும்.

வெங்காய வேர்நுனியில் செல் பிரிவு பார்ப்பது எப்போதும் இருக்கும். வெங்காயத்தைத் தண்ணீர் தொடுமாறு டம்ளர் வாயில் வைத்தால் சில நாளில் வேர் விடும், அதுவரை வீட்டில் பழகலாம். அசிட்டோகார்மின் சாயம், அமிலத்தில் சூடாக்குவது எல்லாம் இங்கே வந்து செய்தால் போதும். ஸ்லைடில் வேர்நுனியை நசுக்கும்போது கட்டைவிரலை நேராக அழுத்த வேண்டும், பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் கிழிந்துவிடும். உமிழ்நீர் அமிலேஸ், இலைச் சாற்றைக் காகிதத்தில் பிரிப்பது, இரத்த வகை, இவற்றையெல்லாம் வருவதற்கு முன் அம்ரிதா பல்கலைக்கழகத்தின் விர்ச்சுவல் லேபில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இலவசம். வரிசை மனதில் இருந்தால் கை பதறாது.

ஸ்பாட்டருக்கு, அதாவது வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அடையாளம் எழுதும் பகுதிக்கு, பயப்பட வேண்டாம். பெயரை எழுதிவிட்டு, எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் மார்க் விழும். பெயர் மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

தோவாளைப்பூ

அண்ணா, மெயில் அனுப்பிவிட்டேன், மண்டல அலுவலகத்துக்கும் சேர்த்து. இவரிடமும் சொல்லியாச்சு, திட்டவில்லை. அம்மா பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ரெக்கார்ட் நோட்டு இங்கிருந்து வாங்கி வரவா?

நாகர்கோவில் லேப் அண்ணன்

அங்கே எதற்கு மக்களே? நாகர்கோவிலில் எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை உள்ளதாகக் கேளுங்கள். படம் பென்சிலில் வரைய வேண்டும், பேனாவில் வரைந்தால் மேடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். வெள்ளை லேப் கோட்டு மட்டும் அங்கிருந்தே கொண்டுவாருங்கள், இங்கே உங்கள் அளவு கிடைக்கத் தேட வேண்டியிருக்கும்.