ஒரு பக்க மூக்கடைப்பு, கன்ன மதமதப்பு: முதலில் பயாப்சியா, ஸ்கேனா?

பொது மருத்துவர், தண்டையார்பேட்டை:
54 வயது தச்சர், வியாசர்பாடி மரப்பட்டறையில் 30 வருஷ வேலை. சர்க்கரை உண்டு. 4 மாதமாக இடது மூக்கில் மட்டும் அடைப்பு, சிந்தினால் ரத்தக் கோடு. இடது கன்னம் மதமதப்பு, மேல் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை. எக்ஸ்ரேயில் ‘சைனசைடிஸ்’. உள்ளே பாலிப் மாதிரித் தெரிகிறது. கிள்ளி பயாப்சிக்கு அனுப்பலாமா?

இ.என்.டி., பழைய வண்ணாரப்பேட்டை:
கை வைக்காதீர்கள் டாக்டர். ஒரு பக்கம் மட்டும், கூடவே மதமதப்பு என்றால் வேறு முடிவு வரும்வரை கட்டி என்றே வையுங்கள். மரத்தூள் சைனஸ் புற்றுக்கு நிரூபிக்கப்பட்ட காரணம், எத்மாய்டு (கண்களுக்கு நடுவே உள்ள சைனஸ்) அடினோகார்சினோமாவுக்கு (சுரப்பிச் செல் புற்று) குறிப்பாக. எக்ஸ்ரேயை மறந்துவிடுங்கள். ஸ்கேனுக்கு முன் கிள்ளினால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருந்து கொட்டலாம், மூளையுறை இறங்கியிருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசியலாம். ஸ்கேன் முடிந்ததும் எண்டோஸ்கோப்பியில் மூக்கு வழியாகவே பயாப்சி எடுக்க வேண்டும். ஈறைத் திறந்து உள்ளே போனால் நல்ல திசுவிலும் கட்டி பரவும். மேலே மூடியிருக்கும் சாதா பாலிப்பை மட்டும் எடுத்தால் ‘அழற்சி’ என்று ரிப்போர்ட் வந்து ஏமாற்றும், ஆழத்திலிருந்து நாலைந்து துண்டு வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை இ.என்.டி.க்கு அனுப்பலாம்.

ரேடியாலஜி:
கான்ட்ராஸ்ட் (சாய மருந்து ஏற்றி எடுக்கும்) சி.டி., 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான ஸ்லைஸ், எலும்பைத் தெளிவாகக் காட்டும் விண்டோவும் சேர்த்து. சர்க்கரைக்காரர், முதலில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை). பிறகு எம்.ஆர்.ஐ.: டி2 என்ற படவகையில் தேங்கிய சளி பளிச்சென்று வெள்ளையாகவும் கட்டி மங்கலாகவும் தெரியும். சி.டி.யில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கட்டியைப் பெரிதாகக் கணக்குப் போட்டுவிடுவோம். சீட்டில் ‘கன்னம் மரத்திருக்கிறது, வி2 நரம்பு வழிப் பரவல் பார்க்கவும்’ என்று எழுதுங்கள் (வி2 என்பது கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு). எழுதாவிட்டால் அந்த நரம்பை மண்டையோட்டு அடிவரை தேடிப் பார்ப்பது விட்டுப்போகும்.

பேத்தாலஜி:
பயாப்சித் துண்டின் அளவைப்போல 10 மடங்கு 10% ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் திரவம்). ஒரு துண்டு மட்டும் சலைனில், பூஞ்சை கல்ச்சருக்கு. சர்க்கரைக்காரரிடம் மியூகர் என்ற பூஞ்சைத் தொற்றும் இதே வேஷத்தில் வரும். சிறு வட்டச் செல் கட்டி என்றால் ஐ.எச்.சி. (ஆன்டிபாடி கொண்டு செல் வகையை அறியும் சோதனை) இல்லாமல் பெயர் சொல்ல முடியாது. ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா (மோப்ப நரம்புத் திசுக் கட்டி), எஸ்.என்.யு.சி. (எந்த வகை என்று பிரித்தறிய முடியாத சைனஸ் புற்று), மெலனோமா (நிறமிச் செல் புற்று), லிம்போமா (நிணநீர்ச் செல் புற்று) எல்லாம் சாதா ஸ்டெயினில் அண்ணன் தம்பிபோல இருக்கும். சிகிச்சையோ வெவ்வேறு.

ரேடியேஷன் ஆன்காலஜி:
ஸ்குவாமஸ் (தட்டைச் செல் புற்று), அடினோ என்றால் எடுக்க முடிந்தவரை முதலில் ஆபரேஷன். புண் ஆறியதும், 6 வாரத்துக்குள், ரேடியேஷன்: மொத்தம் 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சு அளவு), நாளுக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி. எஸ்.என்.யு.சி.யில் பெரும்பாலும் கீமோதான் முதலில், அது கேட்கிறதா என்று பார்த்து அடுத்தது. கெட்ட பல்லை ரேடியேஷனுக்கு 10-14 நாள் முன்பே பிடுங்கிவிட வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு செத்துப்போகலாம். ஆடும் பல்லை மட்டும் இப்போது தொடாதீர்கள், அந்தக் குழி வழியே கட்டி வாய்க்குள் வளரும். அண்ணம் எடுக்கும் ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே அச்செடுத்து அடைப்புத் தட்டு செய்யச் சொல்லுங்கள், இல்லையேல் குடிக்கிற தண்ணீர் மூக்கில் வரும். காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்று இப்போதே தயார் செய்யட்டும்.

பொது மருத்துவர், தண்டையார்பேட்டை:
நன்றி. வேறு இடத்தில் பாலிப்புக்கென்று ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 20 மி.கி. 5 நாள் கொடுத்திருக்கிறார்கள்.

பேத்தாலஜி:
மேற்கொண்டு வேண்டாம். லிம்போமாவாக இருந்தால் சுருங்கி ரிப்போர்ட் குழம்பும், மியூகராக இருந்தால் இன்னும் ஆபத்து. கடைசி மாத்திரைத் தேதியையும் டோஸையும் பயாப்சி சீட்டில் எழுதிவிடுங்கள்.