பித்தப்பை எடுத்த பிறகு வந்த ரிப்போர்ட்

மாங்குளத்து மகள்:
அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும். ஸ்கானில் கல்லோடு பையின் சுவர் ஓரிடத்தில் தடித்திருப்பதும் தெரிந்தது. நாள்பட்ட கல் இருந்தால் அப்படித் தடிப்பது வழக்கமாம். சிறு துளை போட்டுப் பையை எடுத்தார்கள். ஃபோர்மலின் போத்தலில் அம்மாவின் பெயரும் கட்டில் நம்பரும் ஒட்டி ஆய்வுக்கு அனுப்பியதை நான் கண்டேன். தையல் பிரித்ததும் அம்மா வயலுக்குப் போகத் துடித்தார்.

அப்புறம்தான் ரிப்போர்ட் வந்தது. நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய். இந்தக் கலங்கள் குடலில் சாதாரணம், பித்தப்பையில் இல்லையென்றே சொல்லலாம் என்றார் நிபுணர். கல்லும் அழற்சியும் பல வருஷம் அரிக்க, பையின் உட்படலம் குடலின் படலம்போல மாறி, அதிலிருந்து இது முளைக்கிறது என்று கருதுகிறார்களாம். ஸ்கானை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. வெட்டிய துண்டுக்குக் குரோமோகிரனின், சினப்டோபைசின் என்ற சோதனைகள் செய்துதான் உறுதி செய்கிறார்கள்.

கேஐ-67 என்ற எண் மிக முக்கியம். கலங்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை அது காட்டும். 3 வீதத்துக்குக் குறைவென்றால் முதல் தரம், 20 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. அம்மாவுக்கு 2 வீதம், அதாவது முதல் தரம். கட்டி சிறியது, சுவரைத் தாண்டவில்லை, வெட்டிய ஓரமும் சுத்தம், அங்கே கட்டியின் கலங்கள் இல்லை. அதனால் செய்த ஒப்பரேஷனே வைத்தியமாகிவிட்டது. தாண்டியிருந்தால் ஒட்டிய ஈரல் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருப்பார்கள். இப்போது சீடி ஸ்கானும் கிளினிக்கும்தான்.

பரந்தன் தம்பி:
அக்கா, எங்கள் பெரியப்பாவுக்கும் பித்தப்பையில்தான், ஆனால் சிறுகலப் புற்றுநோய் (small cell) என்ற வகை. கண் மஞ்சளானதும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார், எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். மஞ்சள் இறங்கவில்லை. ஸ்கான் செய்தபோது ஈரலெல்லாம் பரவியிருந்தது. ஈரலில் ஊசி போட்டு எடுத்த துண்டில்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்துகளை ஏற்றினார்கள், 3 நாள் ஏற்றி 21 நாளுக்கு ஒருமுறை. முதலில் நன்றாகச் சுருங்கியது. பேரனின் முதல் பிறந்தநாளுக்குத் தானே எழுந்து வந்து இருந்தார். பிறகு திரும்ப வந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. இந்த வகை அவ்வளவு வேகம்.

முள்ளியவளையாள்:
என்ர அண்ணாவுக்கும் பை எடுத்தாச்சு. ரிப்போர்ட்டை இன்னும் எடுக்கேல்லை. சுகமாகத்தானே இருக்கிறார்?

மாங்குளத்து மகள்:
அம்மாவும் சுகமாகத்தான் இருந்தார் அக்கா. இந்தக் கட்டிகளில் நிறைய, கல்லுக்கென்று எடுத்த பைக்குள்தான் அகப்படுகின்றன. அடுத்த கிளினிக் வரைக்கும் வைத்திருக்காதீங்கோ, கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வார்டில் கேளுங்கோ. அனேகமாகக் கல்லும் அழற்சியும் என்றுதான் இருக்கும். வேறு ஏதும் எழுதியிருந்தால் கேஐ-67 எவ்வளவு, ஓரம் சுத்தமா என்ற இரண்டையும் டொக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ.