ஜெக்கில் தீவு கிளப் ஹோட்டலில் இரண்டு இரவு: எந்தக் கட்டடம், எந்த அறை?

கடலோரப்பயணி:
மார்ச் கடைசி வாரம் அட்லாண்டாவிலிருந்து காரில் கிளம்பி, ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவில் பழைய கிளப் ஹோட்டலில் இரண்டு இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். அப்பா, அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். இருவரும் சுத்த சைவம். கிளப்ஹவுஸ், சான் சூசி, கிரேன் காட்டேஜ், செரோக்கி காட்டேஜ் என்று அறைகள் பிரிந்து கிடக்கின்றன. எதைப் பிடிப்பது? அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பிறந்த இடம் என்கிறார்களே, அதையும் பார்க்க ஆசை.

தெற்குச்சாலை:
முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கிளப்ஹவுஸ் கடற்கரையில் இல்லை. அது தீவின் மேற்குப் பக்கம், ஜெக்கில் ஆற்றையும் சதுப்புப் புல்வெளியையும் பார்த்து நிற்கிறது. அலைச் சத்தத்தோடு விழிக்க நினைத்து புக் செய்பவர்கள் ஏமாந்து போவது இதில்தான். கடல் கிழக்கே, காரில் சில நிமிடம். ஆனால் சூரிய அஸ்தமனத்துக்கு மேற்குதான் சரி. படகுத்துறைப் பக்கம் போய் நின்றால் போதும்.

அம்மாவுக்காக மெயின் கிளப்ஹவுஸே எடுங்கள். சாப்பாட்டு அறையும் ரிசப்ஷனும் அதே கூரையின் கீழ். சான் சூசி 1896-இலும், செரோக்கி 1904-இலும், கிரேன் 1917-இலும் எழுந்த தனிக் கட்டடங்கள். அழகு, அமைதி எல்லாம் உண்டு, ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் நடக்க வேண்டும்.

ஆன்லைனில் ‘விருப்பம்’ என்று எழுதினால் அது வெறும் விருப்பம்தான். போன் செய்து மூன்று கேளுங்கள். லிஃப்டிலிருந்து அறைக் கதவு வரை இடையில் படி உண்டா? குளியலறையில் டப் விளிம்பைத் தாண்டாமல் நின்று குளிக்க முடியுமா? அந்த வார இறுதியில் கல்யாணம் ஏதும் உண்டா? பதிலை உறுதி மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். பழைய மரத்தளம் என்பதால் மேலே ஒருவர் நடந்தாலே கீழே கேட்கும். அதனால் மேல்மாடி நல்லது. ஒரே விலைக்கு இரண்டு அறைகள் இரண்டு அளவில் இருப்பதும் இந்த மாதிரிக் கட்டடங்களில் சகஜம்.

அறை வாடகைக்கு மேல் வரி, ரிசார்ட் கட்டணம், ஜார்ஜியா மாநிலத்தின் இரவுக்கு 5 டாலர் கட்டணம் எல்லாம் சேரும். தீவுக்குள் கார் நுழையும்போது கட்டும் பார்க்கிங் கட்டணம் தனி, அது ஹோட்டல் பில்லில் வராது.

பழங்கணக்கு:
வரலாற்றை இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 1888-இல் திறந்த இந்த கிளப், மார்கன், ராக்ஃபெல்லர், வாண்டர்பில்ட் போன்ற பெரும் பணக்காரர்களின் குளிர்கால ஓய்விடம். 1910 நவம்பரில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச், பால் வார்பர்க், ஃபிராங்க் வாண்டர்லிப், ஹென்றி டேவிசன், பியாட் ஆண்ட்ரூ ஆகியோர், வாத்து வேட்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆல்ட்ரிச்சின் சொந்த ரயில் பெட்டியில் வந்தார்கள். வேலைக்காரர்களுக்குத் தெரியாமலிருக்க, ஒருவரையொருவர் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று கட்டுப்பாடு. இங்கே எழுதியது மத்திய வங்கி அமைப்புக்கான ஆல்ட்ரிச் திட்டம்; காங்கிரஸில் அது நிறைவேறவில்லை. அதன் பல கூறுகளை எடுத்துக்கொண்ட வேறொரு சட்டத்தில்தான் 1913 டிசம்பர் 23 அன்று ஜனாதிபதி வில்சன் கையெழுத்திட்டார். ஆகவே ‘பிறந்த இடம்’ என்பதைவிட ‘வரைவு எழுதிய இடம்’ என்பதே சரி. கிளப்ஹவுஸில் ஃபெடரல் ரிசர்வ் பெயரில் ஓர் அறை இருக்கிறது. கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுவதால், காலியாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் போங்கள்.

1915 ஜனவரி 25 அன்று நாட்டின் இரு கரைகளை இணைத்த முதல் தொலைபேசி அழைப்பின் தொடக்க விழாவில், தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் தலைவர் தியோடர் வெயில் பேசியதும் இந்தத் தீவிலிருந்துதான். 1942-க்குப் பிறகு கிளப் திறக்கவில்லை. 1947-இல் ஜார்ஜியா மாநிலம் தீவையே 6,75,000 டாலருக்கு வாங்கியது.

இதோடு நிறுத்தாதீர்கள், தெற்கு முனைக்கும் போங்கள். அடிமை இறக்குமதி 1808-லேயே தடைசெய்யப்பட்டும், 1858 நவம்பரில் ‘வாண்டரர்’ என்ற கப்பல் நானூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இந்தத் தீவில்தான் கொண்டுவந்து இறக்கியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் அதற்கான நினைவுப் பாதை இருக்கிறது. 1950-இல் கறுப்பின மக்களுக்கு என்று ஒதுக்கிய கடற்கரையும் அதுவே. கோடீஸ்வரர்களின் மாளிகைகளை மட்டும் பார்த்துத் திரும்பினால் தீவின் பாதிதான் பார்த்ததாகும்.

உப்புக்காற்று:
சைவத்துக்கு வருகிறேன். தெற்கத்திச் சமையலில் காய் என்று வருவதும் சைவம் என்று நம்ப முடியாது. காலர்ட் கீரை, பீன்ஸ் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டோடு வேகும். பிஸ்கெட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கிரிட்ஸ் என்ற சோள ரவைக் கஞ்சியை சிக்கன் ஸ்டாக்கில் வேகவைப்பதும் உண்டு. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லாமல், ஹாம், பேக்கன், ஸ்டாக், லார்ட் (பன்றிக் கொழுப்பு) என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காலையில் கிரிட்ஸைத் தண்ணீரில் வேகவைத்து வெண்ணெய் போட்டுத் தரச் சொன்னால் நம்ம ரவைக் கஞ்சி மாதிரி இருக்கும், பெரியவர்களுக்கு ஒத்துவரும்.

மார்ச் கடைசி என்பதால் மணல் கொசு. கண்ணுக்கே தெரியாது, கடி பலமாக இருக்கும். காற்று இல்லாத விடியலிலும் அந்தியிலும்தான் தொல்லை. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் மூடும் உடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே டிரிஃப்ட்வுட் கடற்கரைக்கு ஓத அட்டவணை பார்க்காமல் போகாதீர்கள். இந்தக் கரையில் ஏற்ற இறக்க வித்தியாசம் சுமார் 2 மீட்டர். ஏற்றத்தில் மணல் மறைந்து, சாய்ந்த மரங்களுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். இறக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் இறுகிய மணலில் அம்மாவும் நடக்கலாம்.

கடலோரப்பயணி:
மிக்க நன்றி. ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

தெற்குச்சாலை:
வேண்டாங்க. நீராவியிலேயே புகை அலாரம் அடிக்கலாம், அறைக்குள் சமைக்கப் பொதுவாக விடவும் மாட்டார்கள். அறையில் ஃபிரிட்ஜ் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். இருந்தால் தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியில் எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம்.