ரிவர்ஸ் போட்டால் மட்டும் நிற்கும் கார்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு பெற்றோல் கார், மனுவல் கியர். முன்னுக்கு ஓட ஒரு குறையும் இல்லை. ஏசி போட்டுக்கொண்டே நிலாவெளி வரைக்கும் போய் வருகிறேன். ரிவர்ஸ் போட்டு கிளச்சை விடும்போதுதான் என்ஜின் ஒரு உதறு உதறி நின்றுவிடுகிறது. எங்கள் வளவு ஒழுங்கையை விடப் பள்ளம்; பின்னுக்கு ஏற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். நேற்று அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போகும் அவசரத்தில் நாலு தரம் நின்றது. பாவம், பயந்துவிட்டா.

கிளச் பிளேட் போன வருடம்தான் மாற்றினேன். பிளக்குகள் புதிது. ஐட்லிங் (சும்மா நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் சரியாக நிற்கிறது. கராஜில் கியர்பொக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால், பின்னேரம் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பொனட்டைத் திறந்து, தம்பியை ரிவர்ஸில் கிளச்சை அரைவாசி விடச் சொல்லிவிட்டு பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முதலாம் கியரில் கொஞ்சமாகச் சாய்கிற என்ஜின், ரிவர்ஸில் மறுபக்கம் இரண்டு விரற்கடை எழும்புகிறது. அதோடு ஏர் ஃபில்டரில் இருந்து போகும் ரப்பர் குழாயின் மடிப்பில் ஒரு வெடிப்பு வாய் பிளக்கிறது. ரிவர்ஸில் என்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்குவது இயல்புதான். என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் ரப்பர் செத்ததால் குழாய் இழுபட்டு, காற்றுப் புகுந்து என்ஜின் நிற்கிறது என்று நினைக்கிறேன். சரியா? எல்லா மவுண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா, செத்ததை மட்டும் மாற்றினால் போதுமா? என்ஜின் இப்படி ஆடுவதால், அதை பொடியோடு இணைக்கும் எர்த் வயரையும் பார்க்க வேண்டுமா? திருகோணமலை டவுனில் நல்ல மவுண்ட் எங்கே கிடைக்கும்?