செம்பு புல்லட்டுக்கு மாறியதும் .308 குரூப் சிதறுகிறது: புது பிராஸா, புல்லட்டா?

கைத்தோட்டா கேட்கிறார்:

வணக்கம். துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குலக் குழல், முறுக்கு 1:10 (குழலுக்குள் சுருள் வரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று). கலிஃபோர்னியா ஏ மண்டலத்தில் ஆகஸ்டில் மான் சீசன் திறப்பதற்குள் ஈயமில்லாத தோட்டா தயாராக வேண்டும்.

வாங்கியது: 100 புது பிராஸ், அதாவது வெற்றுப் பித்தளைக் கூடு (பையில் வந்தது, பெட்டியில் அல்ல), பார்ன்ஸ் கம்பெனியின் முழுச் செம்பு புல்லட்டான டிடிஎஸ்எக்ஸ் 150 கிரெய்ன் (புல்லட் எடை அலகு), பெரிய ரைஃபிள் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் மூடி), வார்கெட் பவுடர். புது பிராஸ்தானே என்று சைசிங் (அச்சில் விட்டு அளவுக்குக் கொண்டுவருவது) செய்யவில்லை. நேராகப் பிரைமர், பவுடர், புல்லட். பவுடர் அளவை, இதுவரை சுட்ட 150 கிரெய்ன் ஈய புல்லட்டுக்கான அட்டவணையில் ஆரம்ப அளவிலிருந்து எடுத்தேன். தோட்டாவின் மொத்த நீளமும் பழையதுதான், 2.800 அங்குலம்.

தொல்லை மூன்று:
1. புல்லட்டை அமர்த்தும்போது சில பிராஸின் வாயில் மெல்லிய செம்புச் சுருள் நிற்கிறது, நகம் வெட்டிப்போட்ட மாதிரி.
2. சிலதில் பிரெஸ் கைப்பிடி லேசாக இறங்குகிறது, சிலதில் முறுக்கிக்கொண்டு இறங்குகிறது.
3. குரூப், அதாவது குண்டுகள் விழும் வட்டம்: 100 கெஜத்தில் ஈய புல்லட் ஒரு அங்குலத்துக்குள் விழும். இது இரண்டரை அங்குலம்.

புல்லட்டை மாற்றவா, பிராஸை மாற்றவா?

பித்தளைவாய்:

இரண்டையும் மாற்ற வேண்டாம். முதல் இரண்டு தொல்லையும் பிராஸின் வாயில்தான் இருக்கிறது.

பையில் வரும் பிராஸ் ஒன்றோடொன்று முட்டி மோதித்தான் வீடு வந்து சேரும். பத்தை எடுத்து விளக்குக்கு நேரே வாயைப் பாருங்கள். இரண்டு மூன்றாவது முட்டை வடிவில் நெளிந்திருக்கும். வெட்டிய விளிம்பும் கத்தி மாதிரி கூராகவே இருக்கும். ஈய புல்லட்டின் மெல்லிய உறை அதில் வழுக்கி இறங்கிவிடும். முழுச் செம்பு புல்லட் அமுங்கிக் கொடுக்காது, சீவிக்கொண்டுதான் இறங்கும். நீங்கள் பார்த்த சுருள் அதுதான். அந்தத் துணுக்கு பிராஸின் கழுத்துக்கும் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) சுவருக்கும் நடுவே போனால் புல்லட் கோணலாக நிற்கும்.

செய்ய வேண்டியது:

முதலில் வாயை வட்டமாக்குங்கள். முழுநீள சைசிங் டையில் விடலாம். அதைவிட 0.306 அங்குல மாண்ட்ரலை (வழவழப்பான உருளைக் கம்பி) கழுத்துக்குள் ஒருமுறை இறக்கி ஏற்றுவது எனக்கு உசத்தி, நெளிவு உள்ளிருந்தே நிமிரும். பிராஸ் கொஞ்சம் சுருங்கித் திரும்பும், ஆகவே 0.308 புல்லட்டுக்கு 0.002 அங்குலத்துக்குச் சற்று மேல் பிடிப்பு கிடைக்கும். வேட்டைத் தோட்டாவுக்கு அது தாராளம்.

அடுத்து நீளம். .308 பிராஸின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. புது பிராஸ் பெரும்பாலும் அதை ஒட்டியோ குறைவாகவோதான் வரும். எல்லாவற்றையும் வெட்டித் தள்ளாதீர்கள். வெர்னியரில் அளந்து, தனித்து நீண்டு நிற்பதை மட்டும் மற்றவற்றோடு சமமாக்கினால் போதும்.

பிறகு சேம்ஃபர், அதாவது வாயின் விளிம்பைச் சாய்வாகச் சீவுவது. இதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். சாதாரண 45 டிகிரி வெட்டியைவிட, விஎல்டி என்று விற்கும் சாய்வு அதிகமுள்ள வெட்டி செம்புக்கு நல்லது. இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். வாயைக் கத்தி முனையாகத் தீட்டிவிட்டால் போட்ட வேலையெல்லாம் வீண். வெளிப்பக்கம் ஒரே சுற்று. சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள், எங்கும் பிசிறு தட்டக் கூடாது.

கைப்பிடி ஒரு நேரம் லேசாகவும் ஒரு நேரம் இறுக்கமாகவும் இறங்க இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை சுட்ட பிராஸின் கழுத்தில் கரி படிந்து மசகு மாதிரி வேலை செய்யும். புது பிராஸில் அது கிடையாது. சுத்தமான பித்தளை, சுத்தமான செம்பு, நடுவே ஒன்றுமில்லை. நைலான் பிரஷ்ஷைக் கிராஃபைட் தூளில் தொட்டு ஒவ்வொரு கழுத்திலும் ஒருமுறை விட்டு எடுங்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், பவுடரைக் கெடுக்கும்.

ஃபிளாஷ் ஓட்டையில் (பிரைமரின் தீ பவுடருக்குப் போகும் துளை) பிசிறு எடுப்பதெல்லாம் உங்கள் இஷ்டம். 200 கெஜத்து மானுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆழமறி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேள்வியில் பெரிய தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஈய புல்லட் அட்டவணையைச் செம்புக்கு எடுக்கவே கூடாது.

எடை ஒன்றானால் அளவு ஒன்றாகிவிடாது. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.96. ஆகவே 150 கிரெய்னில் செம்பு புல்லட் நீண்டுதான் ஆக வேண்டும். மொத்த நீளத்தைப் பழைய 2.800-லேயே வைத்தீர்களா? அப்படியானால் அந்த அதிக நீளத்தில் பெரும்பகுதி பிராஸின் உள்ளேதான் இறங்கியிருக்கிறது. பவுடருக்கான இடம் குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது. ஆரம்ப அளவில் நின்றதால் தப்பித்தீர்கள். அதே அட்டவணையில் உச்சத்தை நோக்கி ஏறியிருந்தால் போல்ட் தூக்க வராமல் நின்றிருக்கும்.

அந்தப் புல்லட் கம்பெனியின் அட்டவணையில், அதே புல்லட்டின் பெயருக்கு நேரே உள்ள ஆரம்ப அளவிலிருந்து தொடங்குங்கள். கிரெய்ன் கணக்கை இங்கே யாராவது எழுதினாலும் எடுக்காதீர்கள். ஒரு குழலில் பொறுத்தது இன்னொன்றில் பொறுக்காது. 0.3 கிரெய்ன் படிகளாக ஏறி, ஒவ்வொரு படியிலும் பிராஸின் அடியைப் பாருங்கள். எஜெக்டர் (காலிப் பிராஸை வெளியே தள்ளும் ஊசி) ஓட்டையின் வட்டம் பளபளவென்று பதிந்திருந்தாலோ, போல்ட் கைக்குக் கனத்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு படி இறங்குங்கள். பிரைமர் தட்டையாவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மெத்தென்ற பிரைமர் நியாயமான அழுத்தத்திலும் தட்டையாகும். புல்லட் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் அதுவே நல்ல சாட்சி: அட்டவணை சொன்ன வேகத்தைத் தாண்டினால் அழுத்தமும் தாண்டியிருக்கிறது.

இனி குரூப். செம்பு புல்லட்டுக்கு ரைஃப்லிங்கை (குழலின் உள்ளே வெட்டிய சுருள் வரி) தொடும் முன் கொஞ்சம் ஓட்டம், அதாவது இடைவெளி, வேண்டும். ஈயத்தில் பலரும் 0.010, 0.020 அங்குலத்தில் வைப்பார்கள். பார்ன்ஸ் 0.050-இல் ஆரம்பிக்கச் சொல்கிறது. மொத்த நீளத்தை நம்பாதீர்கள், பிளாஸ்டிக் முனை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். மரையிட்ட பிராஸும் கம்பியும் உள்ள ஓஏஎல் (மொத்த நீளம்) கேஜ், வெர்னியரில் மாட்டும் கம்பேரேட்டர், இரண்டையும் வைத்து பிராஸின் அடியிலிருந்து புல்லட்டின் வளைவு வரை அளங்கள். ஐந்து முறை அளந்து நடுவில் வருவதை எடுங்கள். உதாரணத்துக்கு, ரைஃப்லிங்கைத் தொடும் அளவு 2.230 வந்தால் 2.180-இல் அமர்த்துங்கள். பிறகு அதே பவுடர் அளவில் 0.070, 0.090, 0.110 ஓட்டத்துக்கு மும்மூன்று தோட்டா. ஏதோ ஒன்றில் குரூப் சட்டென்று சுருங்கும். ஆழம் கூடக்கூட உள்ளிடம் குறையும், அதனால் இந்தச் சோதனையை உச்சத்துக்கு வெகு கீழே நின்று செய்யுங்கள். மேகசினில் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். .308-க்கு சாமி (SAAMI, அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பு) நிர்ணயித்த மொத்த நீள உச்சம் 2.810.

உங்கள் 1:10 முறுக்குக்கு 150 கிரெய்ன் சிரமமே இல்லை. நீளமான செம்பில் முறுக்கு உதைப்பது மற்ற காலிபர்களில்தான். .223-இல் 70 கிரெய்ன் டிஎஸ்எக்ஸ் 1:8 கேட்கும். பழைய 1:12 குழலில் அதைப் போட்டால் புல்லட் குறுக்காகப் பட்டு, தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துளைதான் விழும்.

கைத்தோட்டா:

நன்றி அண்ணா. 30 பிராஸை மாண்ட்ரல், சேம்ஃபர், கிராஃபைட் எல்லாம் செய்து முடித்தேன். சுருள் ஒன்றுகூட இல்லை, கைப்பிடியும் ஒரே சீராக இறங்குகிறது. ஆனால் கம்பேரேட்டரில் அளந்தால் நீளம் 2.176-இலிருந்து 2.184 வரை ஆடுகிறது. டையைத் தொடவே இல்லை. பிளாஸ்டிக் முனை சிலதில் கொஞ்சம் அமுங்கியும் இருக்கிறது.

பித்தளைவாய்:

முனை அமுங்கியிருக்கிறது என்றால் சீட்டிங் டையின் உள்தண்டு முனையைத்தான் தள்ளுகிறது. தண்டு புல்லட்டின் தோளில், வளைவில் உட்கார வேண்டும். புல்லட்டைக் கறுப்பு மார்க்கரால் பூசி ஒன்றை அமர்த்திப் பாருங்கள். வளைவைச் சுற்றி முழு வளையமாக மை அழிந்திருந்தால் தண்டு சரி. முனையில் மட்டும் புள்ளி விழுந்தால் தண்டின் குழி ஆழம் போதவில்லை. டை கம்பெனியிடம் நீண்ட முனைப் புல்லட்டுக்கான தண்டு கேளுங்கள். தனியே விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை.

கூடவே டையின் உடம்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். அளவுக்கு மீறி இறக்கினால் அதற்குள் உள்ள கிரிம்ப் (வாயைப் புல்லட்டின்மேல் மடக்குவது) படி பிராஸின் வாயை மடக்கும், தோள்பட்டை உப்பும், தோட்டா சேம்பரில் ஏறாது. வெற்றுப் பிராஸை மேலே ஏற்றி, டை அதைத் தொடும் வரை இறக்கி, அங்கிருந்து ஒரு சுற்று பின்வாங்கிப் பூட்டுங்கள். போல்ட் ஆக்‌ஷன் .308-க்குக் கிரிம்ப் தேவையில்லை. புல்லட்டில் உள்ள பள்ளங்கள் கிரிம்புக்காக வெட்டியவை அல்ல, ரைஃப்லிங் செம்பை ஒதுக்கும்போது அது போய் உட்கார இடம்.

மலையோரம்:

யாரும் குழலைத் தொடவில்லையே. ஈய புல்லட் சுட்ட குழலில் உறையின் செம்புக்கலவை அப்பியிருக்கும். அதன்மேல் முழுச்செம்பு சுட்டால் படிவு சீக்கிரம் கூடி, குரூப் விரியும். சோதனைக்கு முன் வெறும் எஃகு தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள்.

முதலில் கரி, பிறகு செம்பு. அமோனியா கலந்த செம்புக் கரைப்பான் போட்டு, புட்டியில் சொன்ன நேரத்துக்குள், பொதுவாகக் கால் மணி, துணி விட்டு எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிடுகிற வேலை வேண்டாம். துணி நீலமாக வந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. துணியைத் தள்ளும் கம்பி முனையில் பித்தளை ஜாக் மாட்டியிருந்தால் அந்த ஜாகே கரைந்து நீலம் காட்டும், பலரும் இதில் ஏமாந்து நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். நைலான் ஜாக் போடுங்கள். சுத்தம் செய்த குழலின் முதல் சில தோட்டாக்களைக் குரூப்பில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, 150-ஐ விட்டு 130 கிரெய்ன் டிடிஎஸ்எக்ஸுக்கு இறங்கலாம். செம்பு எடை இழக்காது, நான்கு இதழாக விரிந்து கிட்டத்தட்ட முழுசாகவே வெளியேறும். எடையைவிட வேகம்தான் இதழை விரிக்கும். கடற்கரைப் பக்கத்துக் கருவால் மானுக்கு 130 போதும், தோளில் இடியும் குறையும்.

ஆழமறி:

130 மோசமில்லை, ஆனால் கையில் 150 இருக்கும்போது மாற்றக் காரணம் காணோம். 150 வினாடிக்கு 2,800 அடியில் கிளம்பினால் 400 கெஜத்தில்தான் 2,000 அடியை ஒட்டும். அதற்குக் கீழே விரிவை நம்பிச் சுடக் கூடாது. இவர் சுடப்போவது 200-க்குள். வேகம் எதிலும் போதும்.

எதைப் போட்டாலும் குறி வைக்கும் இடம் கொஞ்சம் மாறும். ஈயம் நுரையீரலில் சிதறும், செம்பு நேராக ஊடுருவும். விலாவின் பின்பக்கம் பட்டால் மான் நூறு கெஜம் ஓடிவிடும். முன்தோள் எலும்பை ஒட்டி வையுங்கள். செம்பில் இறைச்சியும் அவ்வளவாக ரத்தம் கட்டாது.

சட்டைப்பை:

சட்டம் பற்றி இரண்டு வரி. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கியால் எந்தக் காட்டுயிரை வேட்டையாடினாலும் ஈயமில்லாத புல்லட்தான். 2008-இல் காண்டர் கழுகு வாழும் பகுதிக்கு மட்டும் வந்தது, 2013-இல் கையெழுத்தான ஏபி 711 சட்டம் அதை மாநிலம் முழுக்க விரித்தது. மான் குடலைக் காட்டில் விட்டுவந்தால் அதிலுள்ள ஈயத் துணுக்கைத் தின்று காண்டர் சாகிறது, 1982-இல் உலகத்திலேயே 22-தான் மிச்சமிருந்தன. ஈயமில்லாதது என்றால் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் ஈயம் கூடாது.

வீட்டில் செய்த தோட்டாவில் ஒரு சிக்கல் உண்டு. பெட்டியில் பெயர் இருக்காது, வேட்டையைக் கண்காணிக்கும் வார்டன் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. புல்லட் பெட்டியின் லேபிளை வெட்டித் தோட்டாப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். பழைய ஈயத் தோட்டா ஒன்றுகூடப் பையில் கிடக்கக் கூடாது. சுடாவிட்டாலும், வேட்டையில் அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் ஈயத் தோட்டாவை வைத்திருப்பதே குற்றம்.

கைத்தோட்டா:

மார்க்கர் சோதனையில் முனையில் மட்டும்தான் புள்ளி. புதுத் தண்டுக்கு எழுதியிருக்கிறேன். ஈய அட்டவணைப்படி ஏற்றிய மீதி 22 தோட்டாவையும் புல்லர் சுத்தியலில் பிரித்துவிடுகிறேன். அந்தப் புல்லட்டை மறுபடி போடலாமா?

பித்தளைவாய்:

பக்கவாட்டில் சீவாதது, முனை நசுங்காதது மட்டும் போடலாம், அதுவும் இலக்குத்தாளுக்கு. சீவியதைத் தூக்கிப் போடுங்கள். பவுடர் வார்கெட்தான் என்று நிச்சயம் தெரிந்தால் மட்டும் அதே டப்பாவுக்குத் திரும்பப் போகட்டும், துளி சந்தேகம் வந்தாலும் தோட்டத்து மண்ணில் கொட்டுங்கள். மேசையில் அந்த நேரம் வேறு பவுடர் டப்பா எதுவும் திறந்திருக்க வேண்டாம். பிரைமரை எடுக்கத் தேவையில்லை, பிராஸில் அப்படியே இருக்கட்டும். டையில் பிரைமரைத் தள்ளும் டீகேப்பிங் ஊசி இருந்தால் கழற்றிவிட்டு மாண்ட்ரல், சேம்ஃபர், கிராஃபைட் மூன்றும் செய்யுங்கள், புதுத் தண்டு வந்ததும் ஏற்றலாம்.