திருகோணமலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பாட்டுச் செட்டைக் குறை சொல்ல முதல் சுவரிலுள்ள பிளக் பொயின்டைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து உப்புவெளியில் வாடகைக்கு வீடெடுத்திருக்கிறீர்கள். ஊரில் நன்றாகப் பாடின அம்ப்ளிஃபயர் இங்கே கரகரக்கிறது. வோல்டேஜ் வித்தியாசமா, ஸ்டெபிலைசர் வாங்கவேணுமா என்று கேட்கிறீர்கள். வோல்டேஜ் பயத்தை விடுங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், இங்கேயும் அதேதான். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு விசயம்தான் முக்கியம்: பிளக்கை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் கரகரப்பு நிற்கிறது. அப்படியென்றால் அம்ப்பைத் திறக்கவே தேவையில்லை. பிளக் பொயின்ட் தேய்ந்துபோயிருக்கிறது.

பிளக் பொயின்டுக்குள்ளே பித்தளைத் தகடுகள் பிளக்கின் முள்ளைக் கவ்விப் பிடிக்கவேணும். வருசக்கணக்காகச் செருகிக் கழற்ற அந்தப் பிடி தளரும். எங்கள் ஊரில் அதோடு கடல் உப்பும் சேர்கிறது. உப்புவெளி, நிலாவெளி, கடல்முகத் தெருப் பக்கத்து வீடுகளில் பழைய பொயின்டைக் கழற்றிப் பார்த்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு, ஆணியில் துரு. மாரியில் வாடைக்காற்றோடு ஈரமும் உள்ளே போகும். தகடும் முள்ளும் சரியாக முட்டாத இடத்தில் சின்னச் சின்னப் பொறி பறக்கும். ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்பது அந்தப் பொறிதான்.

சத்தத்தைவிடச் சூட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். தளர்ந்த பிடியில் ஒரு ஓம் தடை இருந்து 5 அம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு. சின்ன சோல்டரிங் அயனைச் சுவருக்குள் பொருத்தி வைத்தமாதிரி. அம்ப் அவ்வளவு இழுக்காது, ஆனால் அதே பொயின்டில் நாளைக்கு அயன்பொக்ஸைச் செருகுவீர்கள். முகத்தகடு மஞ்சளித்திருந்தால், கருகின மணம் வந்தால், பிளக்கைக் கழற்றும்போது முள் சுட்டால், அன்றைக்கே அந்தப் பொயின்டைப் பாவிப்பதை நிறுத்துங்கள். எண்ணெய் விடுவது, ஸ்பிரே அடிப்பது, தகட்டைத் திருப்புளியால் நெருக்கி விடுவது எதுவும் வேண்டாம். போன பிடி திரும்பாது. மாற்றவேண்டியதுதான்.

மாற்ற முதல், உங்கள் வீட்டில் இருப்பது என்ன வகை என்று பாருங்கள். இங்கேதான் இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் குழம்புவார்கள். பழைய வீடுகளில் உருண்டை முள்ளுப் பொயின்டுகள் இருக்கும்: சின்னது 5 அம்பியர், பெரியது 15 அம்பியர். உங்கள் ஊரின் 6 அம்பியர், 16 அம்பியர் பிளக்குகளின் பூர்வீகமும் அதுதான் என்றபடியால் அவை அப்படியே பொருந்தும். புது வீடுகளில் சதுர முள்ளு 13 அம்பியர். இப்போது இலங்கையின் தரமும் அதுதான். அதில் உருண்டை முள்ளை நுழைக்கப் பேனையால் எர்த் ஓட்டையைக் குத்தித் திறக்கிற பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள். உள்ளே இருக்கிற மூடி கெடும், தகடு வளையும், நல்ல பொயின்டும் சில மாதத்தில் தேய்ந்த பொயின்டாகிவிடும். அம்ப்பின் வயரில் 13 அம்பியர் பிளக் டொப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். கடையில் 13 அம்பியர் ஃபியூஸோடுதான் பெரும்பாலும் தருவார்கள். வீட்டு அம்ப்புக்கு அதைக் கழற்றிவிட்டு 3 அல்லது 5 அம்பியர் போட்டால் வயருக்கு அதுவே காவல்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. 5 அம்பியர் பழைய பொயின்டைக் கழற்றிவிட்டு அதே வயரில் 13 அம்பியர் முகத்தைப் பொருத்திவிடாதீர்கள். ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் பொருந்தும் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் பொருந்தும். ஆனால் பழைய 5 அம்பியர் பொயின்டுக்குப் பல வீடுகளில் லைட் வயரிலிருந்துதான் மெல்லிசாகக் கிளை எடுத்திருப்பார்கள். 5 அம்பியர் என்றால் 1150 வாட். 13 அம்பியர் என்றால் கிட்டத்தட்ட 3000 வாட். உங்கள் அம்ப்புக்குப் பழைய வயரே போதும். ஆனால் நீங்கள் வீட்டை விட்டுப் போனபின் வருகிற குடும்பம் முகத்தைப் பார்த்து நம்பிக் கேத்திலைச் செருகும். 13 அம்பியர் பொயின்டுக்குப் போகிற வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் இருக்கவேணும். அது இல்லையென்றால் போர்டிலிருந்து புது வயர் இழுங்கள்.

வேலையை வயரிங் தெரிந்த எலெக்ட்ரீசியனிடம் கொடுங்கள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பக்கத்தில் நின்று பாருங்கள். பொயின்டின் சுவிட்சை அணைத்தது போதாது, பின்பக்கத்தில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள ஒரு பொயின்டில் வைத்துப் பார்த்து, பிறகு மெயினை அணைத்து, இதில் வைத்துப் பார்க்கவேணும். 2022 மின்வெட்டுக் காலத்தில் பூட்டின இன்வேட்டர் வீட்டில் இருந்தால் அதையும் நிற்பாட்டுங்கள். மெயின் அணைந்தவுடன் அது தானாக வேலை செய்யத் தொடங்கும்.

கழற்றும்போது ஒரே ஆணிக்குக் கீழே இரண்டு வயர் இருந்தால் அடுத்த பொயின்டுக்கும் இங்கிருந்துதான் கரண்ட் போகிறது என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்தே முறுக்கவேணும். வயர் நுனி கருகியிருந்தால் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிடச் சொல்லுங்கள். முறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்கவேணும். சுவர்ப் பெட்டி துருப்பிடித்திருந்தால் பெட்டியையும் மாற்றுங்கள், ஆணி பித்தளையாக இருக்கட்டும். கடைசியில், மெயினைத் திரும்பப் போட்டபின், ட்ரிப் சுவிட்சின் (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார்ப்பது உங்கள் கடமை. விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு நிற்கிறது.

எந்தப் பொயின்ட் வாங்குவது? பாட்டுச் செட்டுக்கென்றே தங்கம், ரோடியம் பூசின பொயின்டுகள் வெளிநாட்டில் விற்கிறார்கள். இறுகப் பிடிக்கிற எந்தப் புதுப் பொயின்டும் அந்த வேலையைச் செய்யும். கெவில்டன், ஒரேஞ் போன்றவை திருகோணமலையிலேயே கிடைக்கும். வாங்கும்போது ஒரு பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள், கழற்றக் கொஞ்சம் பலம் வேணும். விலை குறைந்த பெயரில்லாத சாமானில் தகடு மெல்லிசு. மிச்சக் காசை எர்த்துக்குச் செலவழியுங்கள்.

எர்த் என்றவுடன் இன்னொன்று. கரகரப்பு போனபின்னும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல் நின்றால் அது வேறு கோளாறு. டிவி ஒரு பொயின்டில், அம்ப் இன்னொரு பொயின்டில், இரண்டையும் ஓடியோ வயர் இணைக்கும்போது எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகும். டிவிக்கு வருகிற டிஷ் வயரும் அந்தச் சுற்றில் சேரலாம், அதைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அந்த வழிதான். எல்லாவற்றையும் ஒரே பொயின்டிலிருந்து எடுங்கள், அதுவும் சரிவராவிட்டால் ஓடியோ வயரின் நடுவே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் (இரண்டு பக்க வயரும் நேரே முட்டாமல் பாட்டை மட்டும் கடத்துகிற சாமான்) போடுங்கள். எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் அம்ப்பின் இரும்புப் பெட்டிக்குள் ஒரு வயர் கழன்றால் பெட்டி முழுக்கக் கரண்ட், தொடுகிறவர் உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

எங்கள் மணல் நிலம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் காய்ந்து போகும், அப்போது எர்த் கம்பியின் வேலையும் பலவீனப்படும். எர்த்தை அளக்கிற மீற்றர் வைத்திருக்கிற எலெக்ட்ரீசியன் என்றால் அந்தக் காலத்திலேயே அளக்கச் சொல்லுங்கள், மழைக்குப் பிறகு அளந்தால் நல்ல கணக்குத்தான் வரும்.

பங்குனி, சித்திரைப் பின்னேரங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கும். சுவிட்சை அணைப்பது காணாது, பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

பொயின்டைக் கழற்றினவுடன் மூட முதல் வயர் தெரிகிறமாதிரி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. வயரின் தடிப்பையும் நிறத்தையும் பார்த்தால் 13 அம்பியருக்குப் போகலாமா, 5 அம்பியரிலேயே நிற்கவேணுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.